பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை: வீட்டு சர்வர் கேள்வி பதில்

வீட்டு சர்வர் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி நெட்வொர்க் சம்பந்தப்பட்டவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் எழுத்தில் உள்ளன. கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு சர்வர் 24.04 ஓடிக்கொண்டிருந்தது. கூடுதல் டிஸ்க்குக்காக ஒரு பிசிஐஇ கார்டு செருகினேன். அதிலிருந்து நெட்வொர்க்கே இல்லை. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். மதர்போர்டு போய்விட்டதா?
– வாசகர், மதுரை

போர்டு போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும். லினக்ஸ் இப்போது லேன் போர்ட்டுக்குப் பெயர் வைப்பது, அது பிசிஐ பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். ‘இஎன்பி3எஸ்0’ என்றால் மூன்றாவது பஸ், பூஜ்யமாவது ஸ்லாட். நடுவில் புதிய கார்டு ஒன்று நுழைந்ததும் எண் நகர்ந்து ‘இஎன்பி4எஸ்0’ ஆகிவிடுகிறது. நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) கோப்பிலோ பழைய பெயர்தான் இருக்கிறது. இல்லாத போர்ட்டுக்கு அமைப்பு எழுதியிருக்கிறது. இருக்கிற போர்ட்டுக்கு எதுவும் எழுதவில்லை.

மானிட்டரும் கீபோர்டும் இணைத்து ‘ஐபி லிங்க்’ என்று அடியுங்கள். எந்தெந்தப் போர்ட்டுகள் உள்ளன, எது இயங்குகிறது என்று தெரியும். ‘நோ-கேரியர்’ என்று வந்தால் கேபிளோ எதிர்முனையோதான் சிக்கல். மென்பொருளைத் தொடவே வேண்டாம். உங்கள் விஷயத்தில் போர்ட் வெறும் ‘டவுன்’ என்று, யாரும் எழுப்பாமல் கிடக்கும்.

/இடிசி/நெட்பிளான் அடைவில் இருக்கும் யாம்ல் கோப்பைத் திறந்து பெயரை மாற்றினாலே நெட்வொர்க் வந்துவிடும். ஆனால் அடுத்த கார்டு செருகும்போது இதே கதைதான். மேக் முகவரியை (கார்டுக்கே உரிய அடையாள எண்) வைத்துக் கட்டிவிடுவது நல்லது. ‘ஈதர்நெட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘லேன்0’ என்று நீங்களே ஒரு பெயர் எழுதுங்கள். அதற்குள் ‘மேட்ச்’ பகுதியில் ‘மேக்அட்ரஸ்’ என்று கார்டின் முகவரியை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, ‘செட்-நேம்’ வரியில் மறுபடியும் ‘லேன்0’ என்று எழுதி ரீபூட் செய்யுங்கள். இனி கார்டு எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் பெயர் மாறாது.

இந்தக் கோப்பில் பலர் இடறும் இடங்கள் உண்டு. உள்தள்ளலுக்கு டேப் விசையைப் பயன்படுத்தக் கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். முகவரியோடு /24 என்ற பின்னொட்டை விட்டுவிடாதீர்கள். பழைய கட்டுரைகளைப் பார்த்து ‘கேட்வே4’ என்று எழுதாதீர்கள், அது கைவிடப்பட்ட வரி. ‘ரூட்ஸ்’ பகுதியில் ‘டு: டிஃபால்ட்’, ‘வயா: 192.168.1.1’ என்று எழுதுவதே இப்போதைய முறை. கோப்பு அனுமதி தளர்வாக இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால் ‘சிஹெச்மாட் 600’ போடுங்கள். மறு துவக்கத்தில் மாற்றங்கள் நிலைக்காது என்று கோப்பின் தலையிலேயே கிளவுட்-இனிட் (துவக்கத்தில் அமைப்புகளை எழுதும் நிரல்) எழுதி வைத்திருந்தால், /இடிசி/கிளவுட்/கிளவுட்.சிஎஃப்ஜி.டி அடைவில் 99 என்று தொடங்கும் பெயரில் ஒரு சிஎஃப்ஜி கோப்பு உருவாக்கி, அதில் நெட்வொர்க் கான்ஃபிக்கை ‘டிஸேபிள்டு’ ஆக்கிவிடுங்கள்.

எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் முறை) வழியாக உட்கார்ந்துகொண்டு இந்தக் கோப்பை மாற்றுகிறவர்கள் ‘நெட்பிளான் அப்ளை’ போடாதீர்கள். ‘நெட்பிளான் ட்ரை’ போடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் அழுத்தவில்லை என்றால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். மாடியில் பரண்மேல் இருக்கிற சர்வருக்கு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறும் வேலை மிச்சம்.

எந்த நெட்வொர்க் கோளாறுக்கும் கீழிருந்து மேலே போவதுதான் முறை. போர்ட்டில் விளக்கு எரிகிறதா? ‘ஐபி ஏ’ கட்டளையில் முகவரி இருக்கிறதா? ‘ஐபி ரூட்’ கட்டளையில் ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரி ஒன்று, ஒன்றே ஒன்று, இருக்கிறதா? ரவுட்டருக்குப் பிங் போகிறதா? 1.1.1.1க்குப் போகிறதா? கடைசியாக, ஒரு தளத்தின் பெயருக்குப் போகிறதா? எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. 1.1.1.1க்குப் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) மட்டும்தான் பழுது. அப்போது ரவுட்டரை ரீசெட் செய்வது வீண் வேலை, இருந்த அமைப்புகளும் அழிந்துபோகும்.

சர்வருக்கு 192.168.1.50 என்று நிலையான முகவரி கொடுத்திருக்கிறேன். பகலில் நன்றாக இருக்கிறது, மாலையில் அடிக்கடி துண்டிக்கிறது. சில சமயம் எஸ்எஸ்ஹெச் ‘ஹோஸ்ட் கீ மாறிவிட்டது’ என்று பயமுறுத்துகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

மாலையில் வீட்டுக்கு வருகிற போனோ டிவியோ அதே முகவரியை வாங்கிக்கொள்கிறது. ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ரவுட்டர் தானே முகவரி கொடுக்கும் முறை) எல்லையைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் அது 192.168.1.2 முதல் 254 வரை முழுவதுமாகத் திறந்து கிடக்கும். நீங்கள் சர்வரில் 50 என்று எழுதி வைத்தது ரவுட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு 50ஐ இன்னொரு கருவிக்கும் கொடுத்துவிடும்.

உறுதி செய்துகொள்ள, சர்வரில் ‘ஆர்ப்பிங்’ கட்டளையை பெரிய எழுத்து டி விருப்பத்தோடு, போர்ட் பெயரும் 192.168.1.50ம் கொடுத்து இயக்குங்கள். வேறொரு மேக் முகவரியிலிருந்து பதில் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். பிங்கை மட்டும் நம்ப வேண்டாம், பிங்குக்குப் பதில் சொல்லாத கருவிகள் நிறைய.

தீர்வு எளிது. டிஹெச்சிபி எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, சர்வரை அதற்கு வெளியே 192.168.1.10ல் வையுங்கள். ரவுட்டரிலேயே மேக் முகவரிக்கு முகவரியை ஒதுக்கி வைப்பதும் உண்டு. பொதுவாக எனக்கு அதுதான் பிடிக்கும், எல்லா முகவரிகளும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதால். ஆனால் இணைய நிறுவனத்தார் ரவுட்டரை மாற்றிக் கொடுத்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். வீட்டுக்கே டிஎன்எஸ் கொடுக்கிற சர்வர் என்றால் சர்வரில் எழுதுவதே பத்திரம்.

ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) எச்சரிக்கை வந்ததும் பழைய வரியை அழித்துவிட்டு ‘யெஸ்’ என்று அடிக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. வேண்டாம். பதில் சொன்னது உங்கள் சர்வர்தானா என்று தெரியும்வரை கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அந்த எச்சரிக்கை இருப்பதே இதற்காகத்தான்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் டிஹெச்சிபிசிடி.கான்ஃப் கோப்பில் முகவரி எழுதினேன். எத்தனை முறை ரீபூட் செய்தாலும் எடுத்துக்கொள்ளவில்லை.
– வாசகர், விருதுநகர்

நீங்கள் பார்த்த வழிகாட்டி பழையது. 2023 அக்டோபரில் வந்த புக்வர்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெரி பை ஓஎஸ், நெட்வொர்க்மேனேஜருக்கு மாறிவிட்டது. அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை. ‘என்எம்டியுஐ’ என்று அடித்தால் நீலத் திரை வரும். இணைப்பைத் திருத்தப் போய், ஐபிவி4ஐ ‘மேனுவல்’ ஆக்கி, முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் எழுதிச் சேமித்து, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

ரவுட்டரும் சர்வரும் கிகாபிட். ஆனால் கோப்பு காப்பி செய்யும்போது விநாடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. டிஸ்க் மெதுவா?
– வாசகர், சேலம்

11 என்ற எண்ணே விடை சொல்லிவிடுகிறது. அது 100 மெகாபிட் இணைப்பின் உச்சவரம்பு. கிகாபிட் என்றால் 110க்கு மேல் வர வேண்டும். இன்றைய எந்த ஹார்டு டிஸ்க்கும் 11ல் நிற்காது. ‘எத்டூல்’ கட்டளையோடு போர்ட் பெயரைக் கொடுத்து ‘ஸ்பீடு’ வரியைப் பாருங்கள், 100 என்றுதான் இருக்கும்.

100 மெகாபிட்டுக்கு கேபிளில் இரண்டு ஜோடிகள் போதும்: 1, 2, 3, 6 ஆகிய பின்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி மட்டும் பிளக்கில் சரியாகக் கடிபடவில்லை என்றால், இரு முனைகளும் பேசிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இணையமும் வழக்கம்போல் ஓடும். அதனால்தான் இது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கிறது.

முதலில் கடையில் வாங்கிய, ரெடிமேட் கேட்-5இ அல்லது கேட்-6 கேபிளை நேரடியாகப் போட்டுப் பாருங்கள். வேகம் 1000 ஆனால் பழைய கேபிள்தான் குற்றவாளி. ஆகவில்லை என்றால் ரவுட்டரின் போர்ட்டைப் பாருங்கள். ஃபைபரோடு வரும் ஓஎன்டி பெட்டிகள் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்ற மூன்றும் 100. சர்வர் அந்த மூன்றில் ஒன்றில் இருந்தால், 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, சர்வரையும் மற்ற கணினிகளையும் அதில் மாட்டி, ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிளை மட்டும் ஓஎன்டியின் கிகாபிட் போர்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேபிளை நீங்களே கிரிம்ப் செய்கிறீர்கள் என்றால் வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி 3லும் 6லும் பிரிந்து உட்காருவதைக் கவனியுங்கள். ‘ஜோடி ஜோடியாக அடுக்கினால் என்ன, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதாதா’ என்று அடுக்குகிறவர்கள் உண்டு. போதாது. அப்படிச் செய்தால் 3ம் 6ம் வெவ்வேறு முறுக்கிலிருந்து வருகின்றன. முறுக்கு இருப்பதே ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறாமல் இருக்கத்தான். எட்டு விளக்கு வரிசையாக எரியும் மலிவான டெஸ்டரில் இந்தக் கேபிள் தேறிவிடும், ஏனென்றால் அது கம்பி தொடர்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. சர்வரில் மாட்டினால் வேகம் இறங்கும், அல்லது பிழைகள் குவியும். ‘எத்டூல்’ கட்டளையை பெரிய எழுத்து எஸ் விருப்பத்தோடு ஓட்டி, ‘சிஆர்சி’ என்ற சொல் உள்ள வரியைப் பாருங்கள். காப்பி நடக்கும்போது அந்த எண் ஏறிக்கொண்டே போனால் கேபிள் சரியில்லை.

பிளக்குக்குள் போகும் இடத்தில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வாங்கும்போது ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை குறைவு; ஆனால் மின்தடை கூடுதல், நாலு முறை வளைத்தால் உள்ளே ஒடிந்துவிடும். சுவருக்குள் புதைக்கும் கேபிளில் இதற்கு இடமே கொடுக்காதீர்கள், மறுபடி உடைத்து எடுக்க வேண்டிவரும்.

எத்டூலில் வேகத்தை 1000 என்று வலிந்து பூட்டவும் முயல வேண்டாம். செம்புக் கம்பியில் கிகாபிட்டுக்கு இரு முனைகளின் பேச்சுவார்த்தை கட்டாயம். அதை அணைத்தால் இணைப்பே போய்விடும். எல்லாம் சரியான பிறகு ‘ஐபெர்ஃப்3’ கொண்டு அளந்தால் 940 மெகாபிட் அளவில் வரும். அது வந்தும் காப்பி மெதுவாக இருந்தால் அப்போது டிஸ்க்கைச் சந்தேகப்படலாம்.

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை சர்வருக்குத் திருப்பும் விதி) போட்டுவிட்டேன். ஃபயர்வாலும் திறந்தாயிற்று. வெளியிலிருந்து சர்வர் திறக்கவே இல்லை.
– வாசகர்கள், திருச்சி, நாகர்கோவில், புதுச்சேரி

இம்முறை அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். வேறு எதையும் தொடுமுன் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான் ஐபி’ (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். பிறகு உங்கள் ஐபியைக் காட்டும் இணையதளம் எதையாவது திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்தப் பொது முகவரி இருக்கிறது; சிக்கல் வீட்டுக்குள்தான். வெவ்வேறாக இருந்தால் இந்த ரவுட்டரில் மட்டும் போடும் ஃபார்வர்டிங் வேலை செய்யாது.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான ஏதோ ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோன நிலையில், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதற்காக 2012ல் இந்த எல்லை ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடுகிறது. அது எந்த வீட்டுக்கு என்று சொல்லும் விதி அங்கே இல்லை. உங்கள் ரவுட்டரில் நூறு விதி எழுதினாலும் அங்கே போய்ச் சேராது. (டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை கொடுக்கும் முகவரிகளும் இதே எல்லையில்தான் வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ரவுட்டரின் வான் முகவரிதான் கணக்கு.)

வான் ஐபி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் இன்னொரு சாத்தியமும் உண்டு. ஓஎன்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்து, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் இருக்கலாம். இரண்டிலும் விதி எழுத வேண்டும், அல்லது ஓஎன்டியை பிரிட்ஜ் நிலைக்கு (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) மாற்றச் சொல்லி உங்கள் ரவுட்டரில் பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு இணையும் முறை) பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் போட வேண்டும். பிரிட்ஜ் ஆக்குமுன் அந்த இரண்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓஎன்டி வழியாகவே லேண்ட்லைன் குரல் இணைப்பு வருகிறதென்றால் அது பாதிக்கப்படுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் திறக்கவில்லையா? சோதனையை எப்போதும் மொபைல் டேட்டாவிலிருந்து செய்யுங்கள், வீட்டு வைஃபையிலிருந்து செய்தால் முடிவு ஏமாற்றும். சர்வரில் ‘எஸ்எஸ்’ கட்டளையை டி, எல், என், பி விருப்பங்களோடு ஓட்டினால் எந்த நிரல் எந்தப் போர்ட் எண்ணில் காத்திருக்கிறது என்று தெரியும். 127.0.0.1 என்று இருந்தால் அது தனக்குள் மட்டுமே பேசும். நிரலின் அமைப்பில் அதை 0.0.0.0 ஆக்க வேண்டும். இன்னும் புரியவில்லை என்றால் ‘டிசிபிடம்ப்’ ஓட்டிவிட்டு மொபைலில் தட்டுங்கள். பாக்கெட் வந்து சேர்ந்தால் சர்வரில் சிக்கல், வரவே இல்லை என்றால் ரவுட்டரிலோ அதற்கு மேலோ. ஐந்து நிமிடத்தில் சந்தேகம் பாதியாகிவிடும்.

சிஜிநாட் என்று உறுதியானால் சில வழிகள் உள்ளன. நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்டு வாங்கலாம், பெரும்பாலும் தனிக் கட்டணம். ஐபிவி6 (புதிய, நீண்ட முகவரி முறை) இருந்தால் முகவரியைப் பகிரும் ‘நாட்’ ஏற்பாடே தேவையில்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்து, முகவரியின் முன்பகுதி மாறும்போது தானே புதுப்பிக்கும் டைனமிக் டிஎன்எஸ் வைத்துக்கொண்டால் போதும். அழைக்கிற பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும். குடும்பத்தார் மட்டும் பார்க்கிற படங்களுக்கும் கோப்புகளுக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றே போதும். போர்ட் எதையும் திறக்கவே வேண்டாம். பொது முகவரி கிடைத்த வாசகர்களுக்கும் இதையே வலியுறுத்துவேன். என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) நிர்வாகப் பக்கத்தையும் கடவுச்சொல்லில் திறக்கும் எஸ்எஸ்ஹெச்சையும் இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். திறந்த சில நிமிடங்களிலேயே தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடும்; லாக் கோப்பைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம்.

வெளியிலிருந்து என் டொமைன் பெயரில் சர்வர் நன்றாகத் திறக்கிறது. வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கவில்லை.
– வாசகர், ஓசூர்

வீட்டுக்குள்ளிருந்து பொது முகவரிக்குப் போய் மறுபடி வீட்டுக்குள்ளேயே திரும்பும் பாதையை உங்கள் ரவுட்டர் ஆதரிக்கவில்லை. அமைப்பில் ‘நாட் லூப்பேக்’ அல்லது ‘ஹேர்பின்’ என்று இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்த டொமைனுக்கு 192.168.1.10 என்று உள்பதிவு ஒன்று சேர்த்துவிடுங்கள். பெயர் மாறாததால் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழும் ஒத்துப்போகும்.

டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) பை-ஹோல் (விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ்) போட்டால் 53ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. எப்படியோ ஓட வைத்த பிறகும் சில போன்களில் விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

53ஐப் பிடித்து வைத்திருப்பது உபுண்டுவின் பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு. 127.0.0.53 என்ற முகவரியில் அது காத்திருக்கிறது. அதன் அமைப்பில் ‘டிஎன்எஸ்ஸ்டப்லிஸனர்’ (DNSStubListener) வரியை ‘நோ’ ஆக்குங்கள். அதோடு நிறுத்தினால் சர்வருக்கே பெயர் தெரியாமல் போய், பை-ஹோல் இமேஜைக்கூட இறக்க முடியாமல் போகலாம். /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் என்பது ஒரு இணைப்புக் கோப்பு, அதை /ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்குத் திருப்பிவிட்டுப் பிறகு சேவையை மறு துவக்கம் செய்யுங்கள்.

விளம்பரம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் ஆக 8.8.8.8 போட்டிருப்பது. ‘முதலாவது விழுந்தால் இரண்டாவது’ என்று நினைத்துத்தான் எல்லாரும் போடுகிறார்கள். கருவிகள் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். இரண்டாவதை எடுத்துவிடுங்கள். அடுத்து ஐபிவி6: ரவுட்டர் அந்த வழியாகத் தனியாக ஒரு டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டிருந்தால் போன்கள் பை-ஹோலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ரவுட்டரில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள், அல்லது பை-ஹோலின் ஐபிவி6 முகவரியைக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’, பிரவுசரில் உள்ள ‘செக்யூர் டிஎன்எஸ்’ இரண்டும் போடப்பட்டிருந்தால் அவையும் பை-ஹோலிடம் கேட்காது. யூட்யூப் விளம்பரத்தை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். வீடியோ வரும் பெயர்களிலிருந்தே விளம்பரமும் வருவதால் டிஎன்எஸ்ஸால் பிரிக்க முடியாது.

யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22ஐ மட்டும்தான் அனுமதித்திருக்கிறேன். ஆனால் டாக்கரில் ஓடும் டேட்டாபேஸின் 5432 போர்ட் வேறு கணினியிலிருந்தும் திறக்கிறது. எப்படி?
– வாசகர், சென்னை

கவனித்தீர்களே, நல்லது, பலர் கவனிப்பதே இல்லை. முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருக்க, டாக்கர் கொல்லைப்புறத்தில் தனிக் கதவு வைத்துக்கொள்கிறது. போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் தானே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் விதிப் பட்டியல்) முகவரி மாற்று விதி எழுதுகிறது. அதனால் பாக்கெட் ‘இன்புட்’ (சர்வருக்கே வருவது) வழியாக வராமல் ‘ஃபார்வர்டு’ (வேறிடத்துக்குக் கடத்துவது) வழியாகப் போகிறது. யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் எழுதிய விதிகள் காவல் நிற்பது இன்புட்டில்.

ஒரே கம்போஸ் கோப்பில் (டாக்கர் சேவைகளை வரையறுக்கும் கோப்பு) உள்ள சேவைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ‘போர்ட்ஸ்’ பகுதியே தேவையில்லை. சேவையின் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும். ஆகவே டேட்டாபேஸிலிருந்து அந்தப் பகுதியை அப்படியே நீக்கிவிடுங்கள். சர்வரிலிருந்து மட்டும் தொட வேண்டும் என்றால் 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள். வீட்டுக்குள் மட்டும் என்றால் முன்னால் 192.168.1.10 போடலாம், ஆனால் துவக்கத்தில் அந்த முகவரி வருமுன் டாக்கர் எழுந்தால் அந்தக் கன்டெய்னர் ஓடாமல் நின்றுவிடும். பல சேவைகளுக்கு ஒரே கட்டுப்பாடு வேண்டுமானால் ‘டாக்கர்-யூசர்’ (முழுவதும் பெரிய எழுத்து) என்ற சங்கிலியில் விதி எழுதுங்கள், அது டாக்கரின் சொந்த விதிகளுக்கு முன்னால் ஓடும்.

ரவுட்டர் இருக்கிறதே, வெளியிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். சர்வருக்குப் பொது ஐபிவி6 முகவரி இருந்து, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் அணைந்திருந்தால் அந்த டேட்டாபேஸ் உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கலாம். வேறு கணினியிலிருந்து ‘என்மேப்’ ஓட்டி, ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரியையும் சோதித்துவிடுங்கள்.

வயர்கார்டு விபிஎன் இணைகிறது, பிங் போகிறது. ஆனால் மொபைல் டேட்டாவில் பக்கம் பாதியில் நிற்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் நுழைய முடிகிறது, நீளமான பட்டியல் கேட்டால் உறைந்துவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

சிறிய பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை. இந்த அறிகுறிக்கு அநேகமாக ஒரே காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொண்டு 1492 ஆக்குகிறது. வயர்கார்டு தன் உறைக்கு ஐபிவி4ல் 60 பைட், ஐபிவி6ல் 80 பைட் எடுக்கிறது. அதனால்தான் இயல்பாக 1420 என்று வைத்துக்கொள்கிறது. ஐபிவி4ல் 1420ம் 60ம் சேர்ந்து 1480, பிபிபிஓஇயில் தப்பித்துவிடும். ஐபிவி6 வழியாகப் போனால் 1500 ஆகி இடிக்கும். மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி4ஐ ஐபிவி6க்குள் மாற்றி அனுப்பும்போது இன்னும் 20 பைட் கூடுகிறது. ‘பாக்கெட் பெரிது, சிறிதாக்கு’ என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், அனுப்பியவர் காத்துக்கொண்டே இருப்பார். அதுதான் அந்த உறைதல்.

இரண்டு முனையிலும் வயர்கார்டு கோப்பின் ‘இன்டர்ஃபேஸ்’ பகுதியில் எம்டியு 1280 என்று எழுதுங்கள். சரியாகிவிட்டால் காரணம் உறுதி. பிறகு வேண்டுமானால் 20, 20 ஆக ஏற்றிப் பார்க்கலாம். வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, நான் 1280லேயே விட்டுவிடச் சொல்வேன். 1280க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், ஐபிவி6 அதற்குக் குறைவாக இயங்காது. சர்வர் வழியாக வீட்டின் மற்ற கருவிகளையும் அணுகுகிறீர்கள் என்றால் சர்வரின் ஃபார்வர்டு சங்கிலியில் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவு) பாதைக்கேற்பக் குறைக்கும் ‘கிளாம்ப்’ விதி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

சர்வர் துவங்க ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு நிமிடம் தாமதம்.
– வாசகர், வேலூர்

இரண்டு லேன் போர்ட் இருந்து ஒன்றில் கேபிள் இல்லையா? அந்தப் போர்ட்டும் எழும் என்று சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் துவக்கும் நிரல்) 120 விநாடி காத்திருக்கிறது. நெட்பிளானில் அந்தப் போர்ட்டின் கீழ் ‘ஆப்ஷனல்: ட்ரூ’ என்று எழுதுங்கள்.

கரண்ட் போய் வந்தால் ராஸ்பெரி பை 4ல் ஓடும் டிஎன்எஸ் வேலை செய்வதில்லை. என்ஏஎஸ்ஸிலிருந்து இணைத்த அடைவும் காலியாக இருக்கிறது. கையால் ரீபூட் செய்தால் சரியாகிறது.
– வாசகர், திருநெல்வேலி

இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் தெரிகிறது. ராஸ்பெரி பை 4ல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எழுகிறது; மின்வெட்டு மூன்று மணி நேரம் என்றால் கடிகாரம் அவ்வளவு பின்தங்கியிருக்கும். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறை) அல்லது டிஎல்எஸ் (மறையாக்கம்) வழி டிஎன்எஸ் வைத்திருந்தால் கையொப்பத்தின் காலத்தைச் சரிபார்க்க நேரம் சரியாக இருக்க வேண்டும். நேரத்தைச் சரி செய்யவோ என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரின் பெயரைத் தேட வேண்டும், அதற்கு டிஎன்எஸ் வேண்டும். ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டும் நிற்கின்றன. டைம்சின்க்டு அமைப்பில் என்டிபி சர்வரைப் பெயராக இல்லாமல் எண்ணாகவே கொடுங்கள், கிளவுட்ஃப்ளேரின் 162.159.200.1, கூகுளின் 216.239.35.0 இரண்டையும் போடலாம். முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நிரந்தரத் தீர்வு டிஎஸ்3231 கடிகார மாட்யூல். ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள்: மலிவான சில மாட்யூல்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். அதில் சார்ஜ் ஆகாத சிஆர்2032 பேட்டரியைப் போடுவது ஆபத்து. எல்ஐஆர்2032 போடுங்கள், அல்லது அந்தச் சுற்றின் டயோடைக் கழற்றிவிடுங்கள்.

அடைவு காலியாக இருப்பது, என்ஏஎஸ் எழுமுன்பே பை எழுந்துவிடுவதால். எஃப்எஸ்டேப் (இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கோப்பு) வரியில் ‘_நெட்டெவ்’, ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’, ‘நோஃபெயில்’ மூன்றையும் சேருங்கள். அடைவை யாராவது தொடும்போதுதான் இணைப்பு முயற்சி நடக்கும்; அதற்குள் என்ஏஎஸ் எழுந்திருக்கும்.

அடிக்கடி மின்வெட்டு உள்ள பகுதி என்றால் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று வையுங்கள். வாங்குமுன் இரண்டு அடாப்டரிலும் அச்சிட்டுள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள்: 1 ஆம்பியரும் 1.5 ஆம்பியரும் என்றால் யுபிஎஸ் குறைந்தது 2.5 தர வேண்டும். அடாப்டரில் 12 வோல்ட்டுக்குப் பதில் 9 அல்லது 5 என்று இருந்தால் அதற்கேற்ற வெளியீடு உள்ளதா என்றும் பாருங்கள். பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தனியாக வேண்டும். ரவுட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும் சாதாரண யுஎஸ்பி போர்ட் அவ்வளவு தாங்காது.